நாற்பத்தேழாம் கட்டம்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
18 நவம்பர் 1957

அன்புள்ள கணவர் இன்னாசி அவர்களுக்கு,

ஹில்டா எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. சிங்கப்பூர் வெயிலில் கப்பலுக்கு வர்ணம் அடிக்கும்போது தொப்பி போடுகிறீர்களா? போட மாட்டீர்கள், தெரியும்.

திருவொற்றியூர் தொழிற்சாலையில் நீங்கள் விஞ்ஞானப் படம் வரைந்த சுவரை இடிக்கப் போகிறார்கள். உப்புப் பூத்துப் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. பம்பாய் ஆபீசில் மாட்ட, பன்னிரண்டு அடித் துணியில் அதை நகல் எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் வண்ணாரப்பேட்டை அலி அக்பர், சினிமா பேனர் வரைகிறவர். அசலில் வேலை செய்த யாராவது பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்று இஞ்சினியர் குணசேகரன் ஆளனுப்பினார். சுண்ணாம்பு நூலின் மறுமுனையைப் பிடித்துச் சுவர் முழுக்கக் கட்டம் போட்டவள் நான்தானே, போனேன்.

குறை சொல்லத்தான் போனேன். ஆனால் மனிதர் நன்றாகவே செய்திருக்கிறார். பல்சக்கரத்தின் பற்களை எண்ணினேன், முப்பத்திரண்டும் இருக்கின்றன. அணுவைச் சுற்றும் வளையங்களும் சரி. உலைத் தீயில் செங்காவி போதவில்லை, சொன்னதும் குறித்துக்கொண்டார். சுவரில் மின்னலைக் கையில் பிடித்தவனின் தலையைப் பார்க்க நாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. இதில் நின்ற இடத்திலேயே முழுசாகத் தெரிகிறான். அவன் இவ்வளவு சின்னவனாகிவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு அலி அக்பர் என்ன செய்வார்.

பிறகு நாற்பத்தேழாம் கட்டத்துக்கு வந்தேன். நம் மகள் சிவந்தியைச் சாரத்தில் உட்கார வைத்து, பித்தளை டம்ளருக்குள் ஒரு கண்ணால் பார்க்கச் சொல்லி, மைக்ராஸ்கோப் பார்க்கும் சிறுமியாக வரைந்தீர்களே, அந்த முகம். அந்த இடத்தில் நகைக்கடைக் காலண்டர் முகம் ஒன்று இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு சிரிக்கிறது. நகல் எடுப்பதற்காகச் சுவரைப் போட்டோ எடுத்தபோதே உப்பு அந்த இடத்தைத் தின்றுவிட்டிருந்ததாம்.

அந்தச் சுவர்ப் பூச்சுக்கு முகத்துவாரக்குப்பத்து மணலை மூன்று தடவை கழுவி, நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு இல்லை, பூசலாம் என்று சொன்னவள் நான். உப்புக் கிணற்றுத் தண்ணீரே குடித்து வளர்ந்த நாக்குக்கு என்ன தெரியும்? நீங்கள் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அவள் காய்ச்சலில் போன பிறகு, போட்டோ ஒன்றுகூட எடுத்து வைக்காத நமக்கு அந்தச் சுவர்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் போய்ப் பார்ப்பேன். கன்னத்தில் வெள்ளை பூக்க ஆரம்பித்ததும் நீங்கள் கப்பல் ஏறினீர்கள், நானும் போவதை நிறுத்திவிட்டேன்.

இந்த முகம் இல்லை என்று சொன்னேன். அலி அக்பர் ஒரு தாளையும் கரியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ சொல்லுக்கா, நான் போட்டுக்கினே வரேன். எந்தக் கண்ண மூடிக்கினு இருந்திச்சு கொயந்த?" என்று கேட்டார்.

இடது என்றேன். வரைந்தார். இல்லை, வலது என்றேன். அழித்துவிட்டு வரைந்தார். மூக்கு எப்படி, நெற்றி எப்படி என்று பொறுமையாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை. பெற்றவள், ஒன்பது வருஷம் தலை வாரிவிட்டவள் நான். அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

மற்றதெல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டேன். அந்த முகத்தை மட்டும் மாற்ற அவகாசம் கேட்டேன். கிறிஸ்துமஸ் வரை காத்திருப்பதாகக் குணசேகரன் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒன்றும் வராவிட்டால் காலண்டர் முகம்தான் பம்பாய்க்குப் போகும்.

கப்பல் ஏறிய நாளிலிருந்து எந்தக் கடிதத்திலும் நீங்கள் அவள் பேரை எழுதவில்லை. உங்களுக்கு நோகும் என்று நானும் எழுதவில்லை. இப்போது கேட்கிறேன். அவளை ஒரு தாளில் வரைந்து ஏர்மெயிலில் அனுப்புங்கள். கை வரவில்லை என்றால், எந்தக் கண் என்பதையாவது எழுதுங்கள். உங்களுக்கும் மறந்துவிட்டது என்றால் அதையும் எழுதிவிடுங்கள், கோபிக்க மாட்டேன். மறந்தது நான் ஒருத்திதான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மாதா உங்கள் கையைக் காக்கட்டும்.

உங்கள்
ஹில்டா