வியாழன் இரண்டு மணிக்கு மழை

நாவுல
2026 ஏப்ரல் 6, திங்கள்

அஸ்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாமியும் சுகமாக இருக்க அல்லாஹ் உதவட்டும். போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் கடிதம் எழுதி, பஸ் கண்டக்டர் றம்ஸியிடம் கொடுத்தனுப்புகிறேன். நாம் பிரிந்து நாலு மாதம் ஆகிறது. உனக்கு எழுதுவது எனக்கும் லேசான காரியமில்லை.

இரத்தோட்டைத் தோட்டத்தில் நவம்பரில் மண் சரிந்து இழுத்துப்போனது போக முப்பது கராம்பு மரம்தான் மிச்சம். இந்த வருஷம் எனக்கு வேறு ஒன்றும் இல்லை. மொட்டு சிவந்துவிட்டது, இந்த வாரம் பறிக்காவிட்டால் விரிந்துவிடும். பறிக்கிற ஆட்கள் சனிக்கிழமையோடு புத்தாண்டுக்கு லீவில் போய்விடுவார்கள். பறித்த கராம்புக்கு நாலு நாள் முழு வெயில் வேண்டும். ரேடியோவைக் கேட்டால் ஏப்ரல் முழுக்க ஒரே பாட்டுத்தான்: மத்திய மாகாணத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் ஆங்காங்கே இடியுடன் மழை. என் தோட்டத்தில் பெய்யுமா என்று ரேடியோக்காரனுக்கு எப்படித் தெரியும்?

உன் முற்றத்தில் மழைமானி இருக்கிறது. ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்து மேகத்தைப் பார்த்துச் சொல்ல உன்னைப் போல ஆள் இல்லை. அடுத்த ஐந்து நாள் எப்படி இருக்கும் என்று எழுது. நடந்ததை மனதில் வைக்காதே.

றிகாஸ்


இரத்தோட்டை
7 ஏப்ரல், செவ்வாய்

மதிப்புக்குரிய றிகாஸ் அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உம்மா சுகம். மனதில் வைக்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். மனதில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது, சொல்லுங்கள்.

நவம்பரில் அன்றைக்குப் பின்னேரம் மழைமானியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தேன். நூற்றிப்பத்து மில்லிமீட்டர், மேடு இறங்கும், படுக்கையில் கிடக்கிற வாப்பாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுங்கள் என்று உங்கள் கையைப் பிடித்தேன். "குழாயப் பாத்துப் பாத்து ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. போய்த் தேத்தண்ணி ஊத்து" என்றீர்கள். சுபஹுத் தொழுகைக்கு முன்னால் மண் வந்து பின்னறையை வாப்பாவோடு மூடியது. நீங்களோ பள்ளிவாசலுக்குப் போய், "அஸ்ரா ஒண்ணுமே சொல்லல்ல, சொல்லியிருந்தா மாமாவத் தூக்கிட்டு ஓடியிருப்பேனே" என்று அழுதீர்கள். ஊர் அதை நம்பியது. மழைமானி வைத்திருந்தும் வாய் திறக்காமல் தகப்பனைக் கொன்றவள் நான். கல்யாண வீட்டில் என் பக்கத்தில் உட்கார இன்றைக்கும் யோசிக்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அது இருக்கட்டும். கேட்டதற்குப் பதில் இது. இன்று எட்டு மணியாகியும் ரிவர்ஸ்டன் மேட்டில் மூட்டம் கலையவில்லை, காற்று கிழக்கிலிருந்து திரும்புகிறது. புதன் வெயில். வியாழன் இரண்டு மணிக்கு மழை பிடிக்கும். வெள்ளியும் சனியும் விடாது. ஞாயிறு வெளுக்கும். முற்றத்தில் காயப்போட வேண்டாம். பறித்ததை நேரே ஸஜ்ஜாத் நானாவின் கராம்புக் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே அடுப்புச் சூட்டில் காயவைக்கிற அறை இருக்கிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அல்லாஹ் மிக அறிந்தவன்.

அஸ்ரா ஸக்கரியா


நாவுல
8 ஏப்ரல், புதன்

அஸ்ரா,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நான் என்ன பால்குடியா? முக்கால் கடிதத்தில் என்னைக் கிழித்துவிட்டு, மிச்சக் காலில் எனக்கு நல்லது சொல்கிறாயாம். என் இடத்தில் நீ இருந்தால் நம்புவாயா?

இங்கே வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறது. உன் திட்டம் எனக்குப் புரிகிறது. அடுப்பில் காய்ந்த கராம்பு என்று சொல்லி ஸஜ்ஜாத் அரைவிலைக்கு எடுப்பான், நீ பார்த்துச் சிரிப்பாய். அது நடக்காது. பன்னிரண்டு ஆட்களை இறக்கி முப்பது மரத்தையும் இன்றைக்கே பறிக்கிறேன். நாளைக் காலையில் தோட்டத்து முற்றம் முழுக்கப் படங்கு விரித்துக் காயப்போடுகிறேன். வெயில் யார் பக்கம் என்று பார்ப்போம்.

றிகாஸ்


நாவுல
11 ஏப்ரல், சனி

அஸ்ரா,

வியாழன் இரண்டு மணிக்குப் பிடித்த மழை இன்னும் விடவில்லை. அள்ளி மூடுவதற்குள் எல்லாம் ஊறிவிட்டது. மூடி வைத்ததுகூடப் புளித்து வெளிறிப்போனது. கையில் எடுத்தால் பசை மாதிரி ஒட்டுகிறது.

இது நீ துஆ கேட்டு இறக்கிய மழை. உண்மை என்றால் ஏன் இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லவில்லை? இந்த வருஷம் நான் எதைத் தின்பேன்? ஸஜ்ஜாத்திடம் பேசி, என்ன விலைக்காவது எடுக்கச் சொல்லு. நீ சொன்னால் கேட்பார். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

றிகாஸ்


இரத்தோட்டை
12 ஏப்ரல், ஞாயிறு

மதிப்புக்குரிய றிகாஸ் அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீங்கள் ஸலாம் எழுத மறந்துவிட்டீர்கள், பரவாயில்லை.

நான் துஆ கேட்கவில்லை. கேட்டிருந்தால் முப்பது மரத்துக் கராம்போடு நின்றிருக்க மாட்டேன்.

நான் எழுதியது ஒவ்வொரு சொல்லும் உண்மை. நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆறு வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தியவள் நான். நான் இடது என்றால் நீங்கள் வலது. உங்கள் கராம்பைக் காப்பாற்ற நினைத்திருந்தால் எனக்கு ஒரு பொய் போதும். "ஐந்து நாளும் நல்ல வெயில், முற்றத்தில் பரப்புங்கள், ஸஜ்ஜாத் நானாவிடம் மட்டும் போகாதீர்கள்." இப்படி எழுதியிருந்தால் சந்தேகப்பட்டு அவரிடமே ஓடியிருப்பீர்கள். அந்தப் பொய்யை முதலில் எழுதித்தான் பார்த்தேன். பிறகு வாப்பாவின் மூக்குக்கண்ணாடியை மண்ணுக்குள்ளிருந்து எடுத்து என் கையில் அவர்கள் கொடுத்தது நினைவு வந்தது. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு உண்மையை எழுதினேன். உங்களை அழிக்கத்தான் எழுதினேன்.

அதே ஐந்து நாள் கணிப்பைத் தேதி போட்டு இன்னொரு தாளில் எழுதி, செவ்வாய்க்கிழமையே ஸஜ்ஜாத் நானாவின் கடைச் சுவரில் ஒட்டச் சொன்னேன். ஊர் அரைமனதோடுதான் நம்பியது. ஆனாலும் இருபது வீட்டுக் கராம்பு அவருடைய அறையில் காய்ந்து வாசத்தோடு இருக்கிறது. மழை பிடித்த பிறகு, உங்கள் எட்டாம் தேதிக் கடிதத்தையும் பக்கத்தில் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கடை நிறைய ஆட்கள். நூருன்னிஸா சாச்சி சாமான் வாங்க வந்தவர் இரண்டையும் சத்தமாக வாசித்தார். "அப்ப அன்னைக்கும் இந்தப் புள்ள சொல்லித்தான் இருக்கும். அவன்தான் கேட்டிருக்க மாட்டான்" என்றார். ஒருவரும் மறுக்கவில்லையாம். நேற்று மழையோடு மழையாக வீட்டுக்கு வந்து, ஊரோடு சேர்ந்து என்மேல் பழி சொன்னதற்கு உம்மாவிடமும் என்னிடமும் மன்னிப்புக் கேட்டார். சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷம்தான். வாப்பா வரமாட்டார் என்று தெரிந்தும் சந்தோஷம்.

கெஞ்சிக் கேட்டபடியால் ஸஜ்ஜாத் நானாவிடம் பேசினேன். "ஈரத்துல வெளிறின கராம்பு வந்தா உள்ளுக்கு எடுக்காதீங்க நானா, மத்தவங்கட சரக்கும் கெட்டுப் போகும்" என்றேன். சரி என்றார்.

நாளை முதல் ஐந்து நாள் சுட்டெரிக்கிற வெயில். நம்பாவிட்டாலும் பாதகமில்லை, காயப்போட உங்களிடம் ஒன்றும் இல்லையே.

அஸ்ரா ஸக்கரியா