முக்திநாத்துக்குக் கிளம்பிய நடவு செட்டு

மணலூர்பேட்டை
5.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே நம் வீட்டில் நானும் மாடும் சுகம். மலைக்குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் ஹாஸ்டல் சமையல்கட்டுக்கு டவர் வரும்வரை காத்திருந்தால் எனக்கு நரைத்துவிடும். அதனால்தான் கடிதம்.

ஒரு சேதி. கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். நாற்று நடுகிற எங்கள் நடவு செட்டுப் பெண்கள் பதினாலு பேரும் சித்திரையில் நேபாளம் போகிறோம், முக்திநாத் கோயிலுக்கு. கோரக்பூர் வரைக்கும் ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இத்தனை வருஷம் வண்டி ஏறியதெல்லாம் அடுத்தவர் வயலுக்குத்தான். ஒரு தடவையாவது வேலை இல்லாத ஊரில் போய் இறங்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை.

அங்கே நம் ஐநூறு ரூபாய் நோட்டை வாங்க மாட்டார்களாம். நூறு ரூபாய்க்கு நூற்றறுபது நேபாளப் பணம் என்பது எங்கும் உள்ள கணக்கு. எங்கள் செட்டு ஜெயசுதா போனில் பிடித்த ஆள் ஒருவர் நூற்றெண்பது தருகிறாராம். முன்கூட்டியே போனில் போட்டுவிட்டால், எல்லையில் அவருடைய ஆள் நோட்டோடு நிற்பாராம். எல்லார் பணமும் என் கணக்கில்தான் இருக்கிறது. வருகிற வாரம் போட்டுவிடலாம் என்றிருக்கிறோம்.

நீங்கள் வேண்டாம் என்றுதான் எழுதுவீர்கள். எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன்.

உங்கள்
செந்தமிழ்ச்செல்வி


கரியாலூர்
10.3.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்தைப் படித்ததில் சாம்பார் அடிபிடித்துவிட்டது. பிள்ளைகள் என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதே. ஊரெல்லாம் நூற்றறுபது தரும்போது அவன் மட்டும் கூடத் தருவதற்கு உன் கூடப்பிறந்தவனா? பணம் போய்விட்டால் அவனை யாரும் தேட மாட்டார்கள், உன்னைத்தான் தேடுவார்கள். மற்றவர்கள் வீட்டு வாசலில் நீ தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டாம். அப்புறம் செட்டு ஏது?

சொல்லப்போனால் போகவே வேண்டாம். மலைப்பாதையாம், ஜீப்பாம், மண்சரிவாம். பாஷையும் தெரியாது. கோயில்தான் வேண்டுமென்றால் திருநாவலூரில் சிவன் இல்லையா? கோபித்துக்கொள்ளாதே.

உன்
கண்ணாயிரம்


மணலூர்பேட்டை
19.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

முக்திநாத்தில் இருப்பது பெருமாள். இனிமேல் சாமியைத் தெரிந்துகொண்டு தடை போடுங்கள்.

உங்கள் கடிதம் வருவதற்குள் இங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அந்த ஆள் போன் செய்து, "மேடம், இன்னைக்கே போட்டாத்தான் இந்த ரேட்டு" என்று அவசரப்படுத்தினான். நான் வழக்கம்போல, "எங்க செட்டுக்கு முன்பணம் போட்டுடுங்க, அப்பால மத்தது பேசிக்கலாம்" என்றேன். உங்களுக்குத்தான் தெரியுமே, முன்பணம் வராமல் நாங்கள் எவர் வயலிலும் கால் வைப்பதில்லை. வாய் பழகிவிட்டது. அவன் திருப்பிக் கேட்டான்:

"நீங்கதானே மேடம் பணம் போடணும்?"

"பதினாலு பேரு உங்கள நம்பி வர்றோம். எங்களப் புடிச்சி வெச்சிக்க நீங்க இன்னா குடுப்பீங்க?"

ஜெயசுதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். போட்டுவிட்டான், மாமா! ஐயாயிரம். மொத்தமாகச் சுருட்டத்தானே போகிறோம் என்று நினைத்திருப்பான்.

ஆனால் பணம் அவன் பெயரில் வரவில்லை. லட்சுமியம்மாள் என்று காட்டியது, கூடவே ஒரு போன் நம்பர். முன்பணம் வந்ததும் கொடுத்தவரைக் கூப்பிட்டுச் சொல்வது எங்கள் மரியாதை. கூப்பிட்டேன். தர்மபுரிப் பக்கம் ஒரு வயதான அம்மா. "நான் யாருக்கும் போடலியே, கண்ணு" என்று அழத் தொடங்கிவிட்டார். காஸ் மானியம் என்று எவனோ சொன்னதை நம்பிப் போனில் எதையோ தொட்டிருக்கிறார். அவருக்குத் தெரியாமலே பணம் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தைத்தான் அவன் எங்களுக்குப் போட்டிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குப் போன் போட்டோம். மறுநாள் செட்டோடு கள்ளக்குறிச்சி சைபர் கிரைம் போலீசுக்குப் போனோம். சீக்கிரம் சொன்னதால் அந்த அம்மாவின் மீதிப் பணம் தப்பிவிட்டது. எங்களுக்கு வந்த ஐயாயிரத்தையும் அவருக்கே திருப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். எஸ்.ஐ. அம்மா, "முன்பணம் கேக்கிற ஐடியா யாரோடது?" என்று கேட்டார். செட்டில் மூத்தவள் பெரியம்மாள்தான் பதில் சொன்னாள்: "ஐடியா இல்லீங்க, பழக்கம்." ஸ்டேஷனே சிரித்தது.

எங்கள் பணம் ஒரு காசும் போகவில்லை. நாங்கள் போகிறோம்.

உங்கள்
செல்வி


கரியாலூர்
26.3.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்தை டீக்கடையில் உரக்கப் படித்தேன். இரண்டாவது தடவையும் கேட்டார்கள். மூன்றாவது தடவை எழுந்து போய்விட்டார்கள்.

போகாதே என்று இனி எழுத மாட்டேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பணத்தைப் பற்றிய பயம் எனக்குக் கொஞ்சம்தான். அவ்வளவு தூரம் போய் அவ்வளவும் பார்த்துவிட்டு வந்தால், சாம்பார் கிளறுகிற இந்த ஆள் உனக்குச் சின்னவனாகத் தெரிவேனோ என்றுதான் பயம்.

பத்திரமாகப் போய் வா.

உன்
கண்ணாயிரம்


கோரக்பூர் ரயில் நிலையம்
30.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போய்விட்டு வந்துவிட்டோம்! இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடுவேன். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எல்லையில் போர்டு வைத்த கடையில், ரசீதோடு, நூற்றறுபது வீதம் மாற்றிக்கொண்டோம். யாரும் மேடம் என்று கூப்பிடவில்லை. நிம்மதி.

பொக்காராவில் விடியற்காலை ஜீப் வந்தது. நடவுக்குப் போகும்போது செய்கிற மாதிரியே பெரியம்மாள் டிரைவர் முகத்துக்கு நேரே போய் மோந்து பார்த்தாள். கருணாபுரம் கள்ளச்சாராயத்தில் அண்ணனைப் பறிகொடுத்தவள், அவளிடம் அந்த வாடையை மறைக்க முடியாது. "இவன் வாணாம்" என்றாள். ஜீப் ஆபீஸ்காரர் இந்தியில் கத்தினார். நாங்கள் தமிழில் கத்தினோம். பிறகு பைகளைப் போட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். வேறு டிரைவர் வந்தார், தங்கமான மனிதர். பாஷை தெரியாது என்று எழுதினீர்களே, எதற்குத் தேவைப்பட்டது?

முக்திநாத்தில் நூற்றெட்டுத் தாரையிலும் தலையைக் கொடுத்தோம். பனித்தண்ணீர், மாமா! போட்ட கூச்சலில் பூசாரியே சிரித்துவிட்டார்.

சின்னவனாகத் தெரிவேனோ என்று எழுதியிருந்தீர்கள். பொய் சொல்ல மாட்டேன், முதல் இரண்டு நாள் உங்கள் ஞாபகமே வரவில்லை. பனிமலையைப் பார்த்ததும் வந்தது. இதைக் காட்டாமல் இந்த மனுஷனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன் என்று அழுகையே வந்துவிட்டது. அங்கேயே எல்லாரையும் நிறுத்தி, அடுத்த பயணத்துக்குச் செட்டில் ஒரு ஆம்பளையைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "சமைக்கத் தெரிஞ்ச ஆம்பளன்னா சரி" என்றாள் ஜெயசுதா. எல்லாரும் ஒரு கை தூக்கினார்கள்.

நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

உங்கள்
செல்வி