நீ கொடுக்க மறுத்த ஒரு கை மல்லாட்டை

இன்று காலை திண்டிவனம் பேருந்து நிலையத்தில், அவித்த வேர்க்கடலை, நம் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, விற்கிறவர் ஜன்னலுக்குக் கீழே வண்டியை நிறுத்திப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். உப்பும் ஈரமண்ணும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. உன்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நீ இல்லை என்பது எனக்கு இன்னும் இப்படித்தான் அவ்வப்போது புதிதாகத் தெரியவருகிறது.

அந்த நாட்களில் நான் இங்கே ஏறுவேன். நீ கிளியனூரில் ஏறுவாய். உனக்காகப் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். புதுச்சேரி போகிற வழியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே மேசையில் வேலை செய்தோம். மரபணுவை மாற்றி, மல்லாட்டைப் பருப்புக்குள் ஸ்டெரால் என்ற பொருளைக் கூட்டுவதுதான் வேலை. எல்லா விதையிலும் அது கொஞ்சம் உண்டு. உடம்புக்குப் பலன் தரும் அளவுக்கு இல்லை. அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று உன் அம்மா ஒருமுறை கேட்டார். நீ சொன்ன விளக்கத்தை மேடைகளில் இன்றும் நான் கடன் வாங்கிச் சொல்கிறேன்.

“இவ பஸ்ல எனக்குப் பையைப் போட்டு எடம் புடிக்கிறா இல்ல, அந்த மாதிரிம்மா. ஸ்டெரால் பார்க்கக் கொலஸ்ட்ரால் மாதிரியே இருக்கும். குடலுக்குள்ள மொதல்ல போயி எடத்தைப் புடிச்சிக்கினு உக்காந்துக்கும். கொலஸ்ட்ராலுக்கு ஏற எடம் இருக்காது. பாதி அப்படியே வெளிய போயிடும்.”

கொலஸ்ட்ரால் உங்கள் வீட்டுக்குப் புதிய சொல் இல்லை. உன் அப்பா கரும்பு வெட்டப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். உன் அண்ணனும் அப்படியே போனார், மகளைப் பள்ளியில் சேர்த்த கையோடு. அதன் பிறகுதான் நீ விழுப்புரம் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, ஸ்கேனும் எடுத்தாய். துணைக்கு நானும் வந்தேன். பரம்பரையாக வருகிற கொலஸ்ட்ரால் இது, ரத்தக்குழாயில் ஏற்கெனவே நிறையப் படிந்திருக்கிறது என்றார் மருத்துவர். வெளியே வந்து டீ குடித்தோம். நீ அழவில்லை.

“இப்பத்தான்டி அதோட பேரு தெரியுது. இத்தினி நாளா எங்க வூட்ல அதுக்கு விதின்னு பேரு.”

அன்று முதல் மாத்திரை. அந்த மாத்திரை உன் ஈரலில் எந்த நொதியை அடக்கியதோ, அதே வகை நொதியைத்தான் நாம் விதைக்குள் முடுக்கிவிட முயன்றுகொண்டிருந்தோம். உனக்கு அதில் ஒரு சிரிப்பு. “எனக்குள்ள கட்டிப் போடுற ஆளை இங்க அவுத்து வுடுறோம் பாரு” என்பாய்.

முதல் செடிகள் தோற்றுப்போயின. நாம் வைத்த மரபணு செடி முழுவதும் வேலை செய்துவிட்டது; இலைகள் சுருண்டு, செடி கணுக்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. விதையில் மட்டும் வேலை செய்யும்படி மாற்றி மறுபடி தொடங்கினோம். கண்ணாடிக் குடுவைகளில் பூஞ்சணம் பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டோம். கடைசியில் ஒரு செடி பிழைத்தது. பூத்து, விழுது மண்ணில் இறங்கி, காய் பிடித்தது. பருப்பின் ஓரத்தில் நகக்கீற்றளவு சீவி எடுத்து அளந்தபோது, திரையில் கோடு ஏறிக்கொண்டே போனது. என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது, “நம்பாத. திரும்ப அள.” அளந்தேன். அதேதான் வந்தது.

உன் அம்மா பசுமைக்குடிலைப் பார்க்க வந்தது அந்தப் பருவத்தில்தான். தட்டில் காய்ந்துகொண்டிருந்த பருப்பைப் பார்த்துவிட்டு முந்தானையை விரித்தார்.

“ஒரு கை குடேன். பேத்திக்கு வறுத்துக் குடுக்கிறேன்.”

“முடியாதும்மா. இன்னும் சோதனை முடியல. தின்னா இன்னா ஆவும்னு யாருக்கும் தெரியாது. மிச்சத்தை அவிச்சி அழிச்சிடணும்னு ரூலு.”

“அழிக்கிறதை அந்தப் புள்ளைக்குக் குடுத்தா இன்னா? புருஷனையும் குடுத்துட்டு, புள்ளையையும் குடுத்துட்டு நிக்கிறேன். ஊரானுக்கா செய்றே இதை?”

“பேத்திக்கு இன்னும் டெஸ்ட்டே எடுக்கலியேம்மா. மொதல்ல ரத்தத்தைக் குடு. இருந்தா மாத்திரை இருக்குது. அதைக் குடுக்கலாம். இதைக் குடுக்க மாட்டேன்.”

“பொட்டப்புள்ளையை நோயாளின்னு எழுதி வெச்சா நாளைக்கு எவன் கட்டுவான்?” விரித்த முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உன் அம்மா போய்விட்டார். அன்று கிளியனூர் வரும்வரை நீ ஜன்னலைப் பார்த்தே வந்தாய். இறங்கும்போது மட்டும், “கோவம் போயிடும். புள்ள இருக்கணும்” என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தபோது நீ விழுந்தாய். மாத்திரை உனக்குச் சில வருடங்களைச் சேர்த்துத் தந்தது. முன்பே படிந்ததை அதனால் கரைக்க முடியவில்லை.

நம் விதை குளிர் அறையில் இருக்கிறது. வயலில் போட்டுப் பார்க்க அனுமதி இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். பழைய ஆத்திரம் இப்போது எனக்கு இல்லை. மரபணு மாற்றிய பயிர் வேண்டாம் என்று கேள்வி கேட்கிறவர்களிடம் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

உன் காரியம் முடிந்த பிறகு ஒருநாள் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன், பேத்தியின் ரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேச. நான் வாயெடுப்பதற்குள் அவரே தொடங்கினார்.

“பெத்தவ கேட்டும் ஒரு கை மல்லாட்டை குடுக்கல அவ. தெரியாததைத் தெரியும்னு சொல்லாதவ. அவ டெஸ்ட் எடுன்னா எடுக்கணும். கூட்டிக்கினு போ.”

விழுப்புரம் போனோம். அவளுக்கும் இருக்கிறது. உன் மூக்கு, உன் பல்வரிசை, உன் ரத்தம். ஆனால் சிறு வயது; குழாய்கள் இன்னும் சுத்தமாக இருக்கின்றன என்றார் மருத்துவர். மருந்துக்கடை வாசலில் முதல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

“அத்தை போட்டது இதுதானா ஆன்ட்டி?”

“ஆமாடா.”

“அப்ப இதைப் போட்டா எனக்கு ஒண்ணும் ஆவாதா?”

ஆகாது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. எந்தப் பிள்ளையிடமும் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நீ சொல்லியிருக்க மாட்டாய்.

“சத்தியமா எனக்குத் தெரியாது. உங்க அத்தைக்குத் தெரிய வந்தப்போ ரொம்ப லேட்டு. உனக்கு ஜல்தியா தெரிஞ்சிடுச்சு. விடாம போட்டா ரொம்ப காலம் நல்லா இருக்கலாம். அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

அவள் என்னிடமிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கி, மாத்திரையை விழுங்கினாள்.