பிரேக்கில் கொஞ்சம் காற்று

மார்ச் 3, ஞாயிறு

கார்புரேட்டரை மறுபடியும் கழற்றியாயிற்று. நேற்று நானே பூட்டியதுதான். நன்றாகத்தான் இருந்தது.

அவர் பத்து மணிக்கு வந்தார். வாசல் மணியை அடித்துவிட்டு, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, வீடு பார்க்க வந்த ஆள் மாதிரி நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேரா ஷெட்டுக்குப் போக வேண்டியதுதானே?" என்றேன். "இல்ல, சொல்லிட்டுப் போகலாம்னு..." என்று இழுத்தார். மழைக்காலத்தில் என்னை விட்டுப் போனபோது மட்டும் சொல்லிக்கொண்டா போனார்? வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்து அலமாரியைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டவள் நான்.

ஏற்பாடு இதுதான்: வீடு எனக்கு, கார் அவருக்கு. கார் ஓடும் நிலைக்கு வந்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். வெளி மெக்கானிக்கிடம் விட அவருக்கு மனம் வரவில்லை. அதனால் அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என்னோடு வேலை பார்ப்பார்.

கிழட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, மடக்குகிற கூரை. நாங்கள் வாங்கியபோது உள்ளே எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அடியில் படுத்து வேலை பார்ப்பது எப்போதும் நான்தான், நான் குள்ளம். அவர் படுத்தால் பாதி ஆள் ஷெட்டுக்கு வெளியே கிடப்பார். மேலே இருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் ஓயாமல் பேசுவதும் அவர் வேலை.

இன்று ஸ்பேனர் மட்டும் வந்தது.

மார்ச் 4, திங்கள்

கார்புரேட்டரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு எனக்குத்தான்.

மார்ச் 6, புதன்

அக்கா போனில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "ஞாயித்துக்கிழமை ஆனா அப்பன் வந்து பாத்துட்டுப் போறதுக்கு அது என்ன குழந்தையாடி? காரு! பழைய இரும்பு! இழுத்துட்டுப் போடான்னு விட்டுத் தொலையேன். உனக்கு ரோஷமே கிடையாதா?"

இருக்கிறது அக்கா. திங்கள் முதல் சனி வரை நிறையவே இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

இந்த வாரம் கதவுக் கண்ணாடி. ஏற்றி இறக்கும் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்றேன். தேயவில்லை. கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து, அதையே மாட்டினோம். வேலை மத்தியானம் வரை வந்தது.

அவர் சட்டையில் புதிதாக ஒரு சோப்பு வாசனை. அவள் வீட்டுச் சோப்பு. அவருடைய தோள்பட்டை வலிக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள் அவள். தோள் சரியாகிவிட்டது. மற்றதெல்லாம் போய்விட்டது.

"அடுத்த வாரம் முடிஞ்சுடுமா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுடும்" என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

பிரேக் மட்டும்தான் பாக்கி. குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதை இரண்டு பேராகத்தான் செய்வோம். அவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்வார். நான் சக்கரத்தின் பின்னால் படுத்துச் சின்னத் திருகைத் திறப்பேன். ஆயிலோடு காற்று குமிழ்விட்டு வெளியே வரும். நான் திருகை மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்கலாம். அதற்குள் எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல்தான்.

"மிதிங்க."

"மிதிச்சுட்டேன்."

"பிடிங்க."

"பிடிச்சிருக்கேன்."

எவ்வளவு நாளாயிற்று நாங்கள் இப்படி மாற்றி மாற்றிப் பேசி! ஒரு தடவை ஆயில் என் மூக்கில் தெறித்து நான் கத்தினேன். உள்ளேயிருந்து சிரித்தார். பழைய சிரிப்பு. நானும் படுத்தபடியே சிரித்தேன். கண்ணீர் காதுக்குள் ஓடியது. ஆயில் பட்டதால்தான் என்று வைத்துக்கொள்.

கடைசிச் சக்கரம், பின்பக்கம் இடது. குமிழ் வந்துகொண்டே இருந்தது. இன்னும் நான்கைந்து மிதியில் முடிந்திருக்கும்.

திருகை மூடிவிட்டேன்.

"இன்னும் காத்து இருக்கு. அடுத்த வாரமும் எடுக்கணும். அதுவரைக்கும் ஓட்டாதீங்க" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

மார்ச் 20, புதன்

இன்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கடையிலிருந்து வந்தால் ஷெட் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே கார் இல்லை. தரையில் எண்ணெய்க் கறை மட்டும். சாவி அவரிடம் ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பிரேக்கோடு.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கல, எடுக்கவே இல்ல. தெருவுல வந்து நிக்கறேன், எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியல. ஐயோ, நான்தானே விட்டு வச்சேன்? என் கையாலதானே மூடினேன்? ஆளக் கொன்னுட்டியேடி பாவி — இதையே சொல்லிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அதை ஏந்திக்கொண்டே நின்றேன், குடிக்கத் தோன்றவில்லை.

கார் வந்தது. முதல் கியரில், ஹேண்ட்பிரேக்கை இழுத்து இழுத்து, நத்தை மாதிரி. ஒரு பக்க விளக்கு உடைந்திருந்தது. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அவளுக்குப் பிறந்தநாள். காட்டலாம்னு எடுத்துட்டுப் போனேன். முதல்ல நல்லாத்தான் பிடிச்சுது. பூங்காகிட்ட மிதிச்சா கால் தரைக்கே போயிடுச்சு. முன்னால ஒரு அம்மா, இடுப்புல குழந்தையோட ரோட்டைக் கடந்துக்கிட்டு இருக்காங்க. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சுவர்ல தேச்சு நிறுத்தினேன்."

"அவங்க?"

"ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகல, குள்ளச்சி."

அந்தப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டு எத்தனை மாதம்! நான் உடைந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கார்புரேட்டர், கண்ணாடி, கடைசித் திருகு. "நீங்க வரணும்னுதான் செஞ்சேன்" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

ஸ்பேர் டயர் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "தெரியும். வாராவாரம் நீ ஒரு சாக்கு கண்டுபிடிக்கறேன்னு எனக்கு எப்பவோ தெரியும். பிரேக்கும் சாக்குதான்னு நெனச்சுட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

டயரிலிருந்து எழுந்து, "இனிமே வரல. அது ரெண்டு பேருக்கும் நல்லதில்ல" என்றார். பிறகு சாவியை என் கையில் வைத்தார். "நீயே முடிச்சுக் கொடு. வேற எவன் கையும் இதுல படக்கூடாது."

உயிரை என் கையில் கொடுப்பாராம். வீட்டுக்கு மட்டும் வரமாட்டாராம். என்ன மனுஷன் இவன்!

மார்ச் 21, வியாழன்

கடையில் ஒரு மூக்குக்கண்ணாடியில் இடது வில்லையை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் படி தடுக்கித் திரும்பி வந்தார். முதலாளி, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா. அவளை நான் பார்த்ததே இல்லை. கண்ணை மூடினால் அவள்தான் வருகிறாள்.

மார்ச் 24, ஞாயிறு

பத்து மணிக்கு மணி அடிக்கவில்லை.

தனியாகவும் காற்று எடுக்கலாம். திருகில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் அமிழ்த்தி வைத்தால் போதும். காற்று திரும்பிப் போகாது. இந்த வழி எனக்கு முன்பே தெரியும். அவரிடம் சொன்னதில்லை.

அடியிலிருந்து எழுந்து வந்து மிதித்தேன். திரும்பப் போய்ப் பாட்டிலைப் பார்த்தேன். மறுபடி எழுந்து வந்து மிதித்தேன். பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. "மிதிங்க" என்று நானே சொன்னேன், "மிதிச்சுட்டேன்" என்று நானே பதிலும் சொன்னேன். பைத்தியம் முற்றிவிட்டது. சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். ஷெட்டுக்குள் யார் பார்க்கிறார்கள்? அழுதுகொண்டே நான்கு சக்கரத்தையும் முடித்தேன்.

மார்ச் 25, திங்கள்

நான்கையும் இன்னொரு தடவை எடுத்தேன். ஒரு குமிழ்கூட இல்லை. இருந்தாலும் நாளை மறுபடி பார்ப்பேன்.

மார்ச் 30, சனி

காலையில் ஓட்டிப் பார்த்தேன். காலித் தெருவில் வேகமாகப் போய் மிதித்தேன், கல் மாதிரி நின்றது. உடைந்த விளக்கையும் மாற்றியாயிற்று. நாளை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி அவருக்குத் தகவல் அனுப்பினேன்.

டிரைவர் சீட்டை எனக்காக முன்னால் இழுத்திருந்தேன். அவர் காலுக்குத் தக்கபடி பின்னால் தள்ளினேன். பக்கத்து சீட்டு என் அளவில், ஒட்ட முன்னால் இருந்தது, வாங்கின நாளிலிருந்து. அவள் உயரமானவள். சீட்டு நகரும் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டு அதையும் பின்னால் தள்ளினேன். துருப்பிடித்திருந்தது, நகரவே மாட்டேன் என்றது. நானும் விடவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

வந்தார். மணி அடிக்கவில்லை, நேராக ஷெட்டுக்கு வந்தார். உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பக்கத்து சீட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரு சுத்து வர்றியா?"

"வேணாங்க. கால் எட்டாது" என்றேன்.

மழை பெய்தால் கூரைக் கொக்கியை இரண்டு தடவை அழுத்தணும், குளிரில் உடனே ஸ்டார்ட் ஆகாது, திட்டக்கூடாது — இதையெல்லாம் சொன்னேன். "திட்ட மாட்டேன்" என்றார். கண் சிவந்திருந்தது. என் கண்ணும்தான்.

கிளம்பினார். நான் வாசலில் நின்று சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில், பூக்கூடை வைத்த சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் குறுக்கே வந்தாள். என் கால் தானாகத் தரையை அழுத்தியது.

பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தன. கார் நின்றது. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுக்காமல், நேராக, அவளுக்கு எவ்வளவோ தள்ளி. அவள் கடந்து போனாள். அதற்குப் பிறகும் விளக்குகள் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டே இருந்தன. பிறகு அணைந்தன. கார் முனையில் திரும்பிப் போய்விட்டது.

பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.