நோகாத காயம்

இன்று காலை பெண்கள் உடை மாற்றும் கூடாரத்துக்குள் தலையை நுழைத்ததும் அந்த மணம் மூக்கில் அடித்தது. தேங்காயெண்ணெயும் மஞ்சளும். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி மேற்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாதுகாப்பு அங்கியின் பட்டி உரசிய இடத்தில் விரலால் பூசிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. "கையை எடு!" என்று கத்திக்கொண்டு போய் அவளை வெளிச்சத்துக்கு இழுத்துவிட்டேன். பிள்ளை வெலவெலத்துப் போனாள்.

"நோகுதோ?"

"ஓம் அக்கா, எரியுது."

"நல்லா எரியுதோ?"

"ஓம்... ஏனக்கா?"

"எரிஞ்சா நல்லது. பூசு."

வெளியே வந்து அம்புலன்சின் பின்கதவடியில் குந்தினேன். பயமில்லை, கோபம். உன்மேலும்தான் கோபம். செத்தவளோடு கோபிக்கக்கூடாது என்று உன் அம்மா சொல்லுவா. நான் கோபிப்பேன். எனக்கு வாய் நீளமென்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நீதானே.

கண்ணிவெடி அகற்றும் எங்கள் அணியில் நீ நிலத்தில் வெடி தேடுகிறவள், நான் முதலுதவிக்காரி. பற்றைக்காட்டுக்குள் முழங்காலில் நின்று ஒரு முழத் தரையை நீ மணித்தியாலக் கணக்காகக் கிளறுவாய். நான் தறப்பாள் நிழலில் விபத்து விசிலுக்குக் காது கொடுத்தபடி இருப்பேன். "நாங்கள் வெடிச்சாத்தானடி உனக்கு வேலை. இருந்து கொழு" என்று தேத்தண்ணி நேரத்தில் பகிடி விடுவாய். மாதம் ஒருமுறை ஒத்திகை வரும். நீ மெலிவு, தூக்குகிறவர்களுக்குச் சுகம் என்று உன்னைத்தான் காயக்காரியாகப் படுக்கவைப்பார்கள். காலில் கட்டுப் போட்டு, ஸ்ரெச்சரில் ஏற்றி, வண்டிக் கதவு சாத்தும்வரை ஒருவர் மணிக்கூடு பிடித்துக்கொண்டு நிற்பார். நீ கண்ணை மூடியபடி சிரிப்பை அடக்குவாய். உன் இரத்த வகை அங்கியின் நெஞ்சில் எழுதியிருந்தது. கால் போனால் உன்னை எப்படிக் காப்பாற்றுவதென்று எனக்கு நித்திரையிலும் தெரியும். காய்ச்சல் வந்தால் என்ன பார்ப்பதென்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மாரி விட்டுப் பற்றை எல்லாம் தளிர்த்து நின்ற தை மாதம் அது. கண்டாவளையில் உங்கள் வயல் அறுவடைக்கு நின்றது. இதே கூடாரத்துக்குள்தான் நீ சட்டையை ஒதுக்கி எனக்குக் காட்டினாய்.

"இஞ்ச பாரடி, இதென்ன கண்டறியாத பொருக்கு?"

இடது மார்புக்குக் கீழே, சரியாகப் பட்டி வந்து விழுகிற இடத்தில். கறுத்த பொருக்கு, மிளகை விடக் கொஞ்சம் பெரிது, சுற்றிவரச் சிவப்பு. சிகரெட்டால் சுட்ட மாதிரி. நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"பட்டி உரசினது. எல்லாருக்கும் இருக்குத்தானே."

"நோகேல்லையடி. அதுதான் புதினமாக் கிடக்கு."

"நோகாட்டி நல்லதுதானே. எண்ணெயைப் பூசிப்போட்டுப் போ."

இந்த வாயால்தான் சொன்னேன். எங்கள் அணியில் பட்டிக் காயம் இல்லாத பெண் கிடையாது. தோளில், இடுப்பில், விலாவில், எல்லாருக்கும் இருக்கும், எல்லாருக்கும் எரியும். எரியாத ஒன்றை நீ கொண்டுவந்து காட்டுகிறாய், நான் அதை நல்ல செய்தி என்று நினைக்கிறேன்! எனக்குச் செருப்பால் அடிக்க வேண்டாமா?

அடுத்த நாள் உனக்குக் காய்ச்சல். தலை பிளக்கிறதென்றாய், கண்ணுக்குப் பின்னால் நோகிறதென்றாய். கையிடுக்கில், கமக்கட்டுக்குள், நெறி கட்டியிருந்தது. அதையும் சொன்னாய். நாள் முழுக்க மண் கிளறுகிற கைதானே என்று அதற்கும் நான் ஒரு நியாயம் வைத்திருந்தேன். காய்ச்சல் என்று தெரிந்தால் தரையில் இறங்க விடமாட்டார்கள் என்பதால் நீ குளிசை போட்டுக்கொண்டு இரண்டு நாள் மறைத்து வேலை செய்தாய். அதற்கும் உன்னை நான் மன்னிக்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் ரவுணில் ஒரு பிரைவேற் கிளினிக்குக்கு உன்னைக் கூட்டிப்போனேன். பெயர் எழுதி என் மையை வீணாக்க மாட்டேன். கதவுக்குப் பதில் அரைத் திரைச்சீலை. வெளியே வாங்கில் குந்தியபடி வரிசையாக ஆட்கள், உள்ளே பேசுவதெல்லாம் அவர்களுக்குக் கேட்கும். டொக்டர் உன் முகத்தைப் பார்க்கவில்லை, இரத்த றிப்போட்டைப் பார்த்தார்.

"டெங்கு மாதிரிக் கிடக்கு. நல்லாத் தண்ணி குடியுங்கோ. உடம்பில தடிப்பு, காயம் ஏதும் இருக்கோ?"

நீ சால்வையை இழுத்து மூடிக்கொண்டு "இல்லை" என்றாய்.

எனக்குத் தெரியும் ஏன் சொன்னாய் என்று. ஆம்பிளை டொக்டர், அரைத் திரை, வெளியே வாங்கில் உங்கள் ஊர்க்காரர் இரண்டு பேர். மார்புக்குக் கீழே என்றால் அது உடம்பில்லையா? அதற்குப் பெயர் சொன்னால் நாக்கு அழுகுமா? நிலத்தில் வெடியைத் தேடி வருசக்கணக்காகப் படுத்துக் கிடந்தவளுக்கு ஒரு சட்டைப் பொத்தானைக் கழற்றப் பயம். அப்படித்தான் எங்களை வளர்த்து வைத்திருக்கிறார்கள். அவராவது படுக்கவைத்துப் பார்த்தாரா? ஒரு தாதியைக் கூப்பிட்டாரா? கேட்டார், இல்லை என்றாய், முடிந்தது. பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது காயமே இல்லை, பட்டி உரசினது.

ஆறாம் நாள் உனக்கு மூச்சு இழுத்தது. அம்புலன்சிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். வாட்டில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை கட்டிலைச் சுற்றித் திரையை முழுதாக இழுத்துவிட்டு, தலைமயிருக்குள் தொடங்கி ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தா. மார்பைத் தூக்கிப் பார்த்ததும் நின்றுவிட்டா.

"இது எவ்வளவு நாளாக் கிடக்கு?"

"அது வெஸ்ட் பட்டி உரசினது, மிஸ்" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"நோகுதோ எண்டு கேட்டனீங்களோ?"

அவதான் சொன்னா, இது உண்ணிக் காய்ச்சல் என்று. பற்றையில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணி கடித்த இடம் இப்படித்தான் கறுத்து நிற்குமாம், நோகாதாம், அரிக்காதாம். கமக்கட்டு, தொடையிடுக்கு, மார்பின் கீழ், இடுப்புப் பட்டி இறுகுகிற இடம், இப்படி மறைவான இடங்களில்தான் கூடுதலாகக் கடிக்குமாம். காய்ச்சல் தொடங்கினவுடன் பிடித்தால் சாதாரணக் குளிசை போதுமாம். உனக்கு அதற்குள் நெஞ்சுக்குள்ளும் சிறுநீரகத்திலும் இறங்கிவிட்டது. மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் கிடந்தாய், போய்விட்டாய்.

செத்தவீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டா. "பிள்ளை, நீ பக்கத்திலதானே இருந்தனி?"

மற்றவர்கள் கேட்டது வேறு. "டெங்குவோ?" "நுளம்புக் காய்ச்சல்தானே?" "தலையெழுத்து." அலுவலகத்தில் இருந்து மலர்வளையம் வந்தது. ஒருவர் எழும்பி நீ மண்ணுக்காக உன்னைக் கொடுத்தாய் என்று பேசினார். விசர்க்கதை! நீ ஒன்றையும் கொடுக்கவில்லை. உன்னிடமிருந்து பறித்தெடுத்ததுதான்.

எனக்கு வயிறு பற்றி எரிவது இதற்குத்தான். நீ வெடித்துச் செத்திருந்தால் முழுத் தளத்திலும் வேலை நின்றிருக்கும். விசாரணை வந்திருக்கும். நீ முழங்கால் வைத்த இடத்தை நூல் பிடித்து அளந்திருப்பார்கள், படம் எடுத்திருப்பார்கள், யார் எதைக் கவனிக்கவில்லை என்று ஒவ்வொருவரையும் இருத்திவைத்துக் கேட்டிருப்பார்கள். இனி இப்படி நடக்காமல் ஒரு விதி வந்திருக்கும். நீ அதே பற்றைக்குள், அதே அங்கியோடு, அதே வேலையில் கடிபட்டுச் செத்தாய். செத்தவீடு முடிந்த மறுநாள் காலை வழக்கம்போல வேலை தொடங்க விசில் ஊதினார்கள். நீ கிளறிவந்த பாதையில் வேறொருத்தி இறங்கினாள். காய்ச்சல் விபத்தில்லையாம்.

நான் விட்டுவிடுவேனா? விபத்து அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்து என் கையாலேயே நிரப்பினேன். சம்பவம் நடந்த இடம்: இடது மார்பின் கீழ். பொருளின் வகை: உண்ணி. பாதுகாப்பு உடை அணிந்திருந்தாரா: ஓம், முழுமையாக. மாசியில் கொடுத்தேன், திரும்பி வந்தது. பங்குனியில் கொடுத்தேன், அதுவும் வந்தது. சித்திரையில் ஆண்கள் அணியில் ஒருவனுக்குக் காய்ச்சல். வெட்கப்பட்டு நெளிந்தவனை அவன் கூட்டாளியைக் கொண்டு பார்க்கவைத்தேன். இடுப்புப் பட்டிக்குக் கீழே, கறுப்பாக, நோகாமல். அன்றைக்கே ஆஸ்பத்திரி, அன்றைக்கே குளிசை. மூன்றாம் நாள் தளத்து வாசலில் நின்று றொட்டி தின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். சந்தோசப்பட வேண்டியவள் நான். கழிப்பறைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். மூன்று நாளடி! அவ்வளவுதான் தேவைப்பட்டது.

இன்று காலை அந்தப் பிள்ளையின் காயம் எரிகிறதென்று கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் மூன்றாம் முறையாகப் படிவத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பொறுப்பாளர் முதலில் சலித்துக்கொண்டார். பிறகு, என்ன நினைத்தாரோ, முதல் தடவையாகக் கடைசிப் பக்கம்வரை வாசித்தார்.

கடைசிக் கேள்வி இது: ஆபத்தின் அறிகுறியை முதலில் கண்டவர் யார், அவர் எடுத்த நடவடிக்கை என்ன? அதற்கு நேரே என் பெயரை எழுதியிருந்தேன். அதன் கீழ், "எண்ணெய் பூசச் சொன்னேன்" என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, இது உம்மைத்தானே பிழை சொல்லுது. நாளைக்கு உம்மட வேலைக்கே பிரச்சினை வரும். இந்த வரியை வெட்டிப்போட்டுத் தாரும்."

"இல்லை சேர். அதை வெட்டினா அவள் சும்மா காய்ச்சலில செத்தவள் ஆயிடுவாள். என்ர பிழையை நான் எழுதிப்போட்டன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கோ."

கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். படிவத்தைத் திருப்பித் தரவில்லை.