மடக்கிய கை

அன்புள்ள ஜோலீனுக்கு,

வேட் எழுதுவது. நான் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை, மலைப்பாதையில் ஓட்டும் என் வண்டி மாதிரியே திறந்த நாலு சக்கர வண்டி ஒன்றை இரவல் வாங்கிக் கிளம்பினேன். நம் ஐடஹோ மாதிரி இல்லை. வேலைக்கு வந்த இந்த நார்த் டகோட்டாவில் திரும்பிய பக்கமெல்லாம் எவனோ போட்ட வேலி. கடைசியில் கொஞ்சம் அரசுப் புல்வெளி கிடைத்தது. அங்கேயும் ஒரு காவலர் மறித்தார்.

"இந்தப் பாதை மேப்ல இல்ல தம்பி. மேப்ல இல்லேன்னா மூடின பாதைன்னு அர்த்தம்."

"கேட் இல்ல, போர்டும் இல்லையே சார்."

"அதுக்குத்தானே என்னை நிறுத்தியிருக்காங்க."

அபராதம் போடவில்லை, கவலைப்படாதே. மேப்பில் இருந்த ஒரே பாதையில் போனேன். எதிரே ஒரு குடும்பம் வந்தது. முன்னால் வந்தவர், பின்னால் இன்னும் மூன்று வண்டி வருகிறது என்று வழக்கம்போல மூன்று விரல் காட்டினார். கடைசியாக வந்த பெண், தனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று கையை மடக்கிக் காட்டினாள். நானும் மடக்கித்தான் காட்டினேன்.

என் தடித்த கையுறையை அனுப்பு. இங்கே கடையில் விற்பது எதுவும் என் கைக்குப் பொருந்தவில்லை.

உன் கடிதமும் படமும் வந்தன. மலைப்பாதை திறந்துவிட்டதைப் பக்கத்து வீட்டு கர்ட் சொன்னானாம், நீ தனியாகப் போனாயாம். என் வண்டியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். படம் எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் எதிரே வருபவர்களுக்கு ஒரு விரல் காட்டிக்கொண்டிருக்கிறாயே, ஜோலீன்.

வேலைக்கு அழைக்கிறார்கள். அடுத்த முறை கையை மடக்கி ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன்,
வேட்