சுவர்க்கோழிக்கு ஒலி கூட்டிய நாட்கள்

செப். 1, திங்கள்

காலை முதல் தூறல். மாலை ஆறு மணிக்கு, தீவிர ஆலோசனைக்குப் பின் (ஆலோசனை கேட்டவர் நான், சொன்னவர் நான்), ஒலிப்பதிவு முடியும்வரை ஃபிரிட்ஜை அணைத்து வைப்பது என்ற வரலாற்று முடிவு எடுக்கப்பட்டது. அதன் உறுமல் பதிவில் விழுகிறது. மூக்கண்டப்பள்ளியில் வேறெந்தக் குடும்பத் தலைவருக்கும் இந்தத் துணிவு வந்ததாகத் தகவல் இல்லை.

பால் திரிந்தது. மனைவி வசந்தா: "உங்க பூச்சிக் கச்சேரிக்கு என் பாலுதான் கெடைச்சுதா?" எந்த நல்லாட்சிக்கும் எதிர்க்கட்சி உண்டு.

பெங்களூரில் 13ஆம் தேதி சோதனை இசைக் கூட்டம். எனக்குப் பத்து நிமிடம். எங்கள் கம்பெனி பிரஸ் ஷாப்பில் தகட்டை அடித்து வளைக்கும் இயந்திரங்களின் இடி; நடுநடுவே, சுவர்க்கோழியின் (இனி சு.கோ.) கீச்சல். பல வருடம் அந்த இடியைக் கேட்டாயிற்று. அதற்கு யாராவது பதில் சொன்னால் தேவலை.

செப். 4, வியாழன்

முதல் ஷிப்ட். வானம் மூடியே கிடந்தது. துணி காயவில்லை.

பழைய பதிவுகளைக் கேட்டேன். இடி நன்றாக இருக்கிறது. சு.கோ. வெட்கப்படுகிறது. ஒலியைக் கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன். ஸ்பீக்கரில் போட்டதும் வசந்தா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். தெரு நாய் ஊளையிட்டது.

திரும்பி வந்து: "ஏங்க, மண்டைக்குள்ள ஊசி ஏத்தற மாதிரி இருக்குது. நெஜமாவே இதை நாலு பேர் முன்னாடி போடப் போறீங்களா?"

சோதனை இசையின் முதல் இலக்கணம்: வீட்டார் வெளியேற வேண்டும். குறித்துக்கொண்டேன்.

செப். 7, ஞாயிறு

முனிராஜோடு தளிக்கு. எங்கள் ஷாப்தான், என்னைவிட இளையவன். ஊர் தளிப் பக்கம். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கோபத்தில் தெலுங்கு. பஸ்ஸில் நடத்துநர் மூன்றிலும் முன்னே போகச் சொன்னார்: "முன்னாடி போங்க, முந்தே ஹோகி, முந்துக்கு போண்டி." மூன்றிலும் யாரும் போகவில்லை.

அவன் முட்டைக்கோஸ் வயல் ஓரம். குளிர். மைக்கை வைத்துக் காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. ஒரு பூச்சி இல்லை. பதிவுக் கருவியின் ஒலிமானி மட்டும் துள்ளியது. பழுது போல.

மனசு தாங்கவில்லை. மருந்தடித்தே இந்த மலையை ஊமையாக்கிவிட்டார்கள் என்று வரப்பில் நின்று உரையாற்றினேன். நல்ல உரை. "இந்த அமைதிதான் நாம் பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் சொத்து" என்ற இடத்தை இரண்டு முறை சொன்னேன். முனிராஜ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். இந்தத் தலைமுறைக்கு ஈரம் போதாது.

செப். 10, புதன்

கம்பெனியில் வருடாந்திரக் காது பரிசோதனை. வண்டிக்குள் கண்ணாடிக் கூண்டு. ஹெட்ஃபோனில் சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும்.

எங்களுக்கென்று ஒரு நடைமுறை உண்டு. வரிசையில் அடுத்து நிற்பவன் டெக்னீசியன் கையைப் பார்த்து மூக்கைச் சொறிவான். சொறிந்தால் அமுக்கு. காது கெட்டுவிட்டதென்று எழுதினால் ஷாப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று ஆரம்பித்த உதவி. எங்கள் ஷாப் முழுக்க எல்லாருக்கும் எல்லா வருடமும் நார்மல். மூக்குகள்தான் சிவந்திருக்கும்.

இந்த வருடம் டெக்னீசியன் புதிதாக வந்த ஒரு பெண். திரையை இழுத்து விட்டுவிட்டாள்.

முதலில் கனமான ஒலிகள் சில. அமுக்கினேன். பிறகு அமைதி. அடுத்ததை ஏற்பாடு செய்கிறாள் என்று உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போயிருக்கலாம் என்றும் நினைத்தேன். கதவு திறந்தது.

"முடிஞ்சிடுச்சி சார்."

"இன்னும் ஆரம்பிக்கலையேம்மா?"

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "மெல்லிசு சவுண்டு எல்லாம் போட்டேன் சார். நீங்க அமுக்கவே இல்ல."

செப். 11, வியாழன்

மழை. டீக்கடையில் முனிராஜைக் கேட்டேன்: ஞாயிற்றுக்கிழமை வயலில் பூச்சி கத்தியதா?

"என்னண்ணா, காதே அடைச்சுது! அது கத்தோ கத்துன்னு கத்துது, நீங்க செத்துப்போச்சுன்னு பிரசங்கம் பண்றீங்க. நீங்க எதையும் சிரிக்காமத்தானே சொல்வீங்க? நக்கலுன்னு நெனச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "நக்கல்தானேண்ணா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

வீட்டில் வசந்தாவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இத்தனை வருசமா நான் சொன்னதுல பாதி, காதுல விழலையா? வேணும்னேதான் கண்டுக்காம இருக்கீங்கன்னு நான்..." மீதி எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னாளா என்பதும் தெரியவில்லை.

அடுப்படிச் சுவரில் ஒன்று தினமும் கத்துகிறதாம். இப்போதும். அருகே உட்கார்ந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து, அது கத்தும்போது விரலைத் தூக்கினாள், நிறுத்தினால் மடக்கினாள். தூக்கி, மடக்கி, தூக்கி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல தாளம்.

செப். 12, வெள்ளி

வெயில், அதிசயமாய். ஹெட்ஃபோனை வசந்தாவிடம் கொடுத்தேன். சு.கோ.வைக் குறைத்தாள், குறைத்தாள், இன்னும் குறைத்தாள். "இப்ப அது பேசற மாதிரி இருக்குது. நீங்க வெச்சது அலறிட்டு இருந்துச்சு." நான் சாயங்காலம் மாவு அரைக்கப் போனபோதும் தனியாக உட்கார்ந்து என்னவோ செய்துகொண்டிருந்தாள்.

முழுவதும் கேட்டேன். எனக்கு: இடி. ஒன்றுமில்லை. இடி. ஒன்றுமில்லை. நல்லா இருக்கிறதா என்றாள். இருக்கிறது என்றேன்.

செப். 13, சனி

பெங்களூர். நெரிசல், ஒரு மணி நேரத் தாமதம். சிறிய அரங்கு, நாற்காலிகளைவிட ஆட்கள் அதிகம். முனிராஜ் புதுச்சட்டையில். யாரும் காதைப் பொத்தவில்லை. ஒரு பெண் கண்ணை மூடியிருந்தாள்.

கடைசி இடி விழுந்தது. அரங்கில் ஒருவரும் அசையவில்லை. எழுந்து கும்பிட்டேன். கொஞ்சம் தயங்கிக் கைதட்டினார்கள். வசந்தா தட்டவில்லை.

திரும்பும் பஸ்ஸில் என் காதருகே வந்து சொன்னாள்: "கடைசியா நம்ம அடுப்படிக்காரனை மட்டும் தனியா பதிஞ்சு வெச்சிருந்தேங்க. ரெண்டு நிமிசம். உங்ககிட்ட சொல்லாம, நேத்து. அப்பதான் ஆரம்பிச்சுது."

நான் கும்பிட்டதைப் பார்த்து ஒலிப்பொறுப்பாளர் நிறுத்தியிருந்தார்.